புனே திரைப்படக் கல்லூரியில் இடம் பிடிக்க: ஓர் ஒலி வடிவமைப்பாளரின் அனுபவம்

புனே திரைப்படக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் கல்லூரிப் படிப்பை முடித்த தம்பி தங்கைகள். நண்பரின் நண்பர், கூட வேலை பார்த்தவரின் தம்பி, எங்கள் ஊர்க்காரர் என்று எப்படியோ என் எண்ணைத் தேடிப் பிடித்திருப்பார்கள். “அக்கா, எத்தனை படம் பார்த்திருக்கணும்?”, “எந்த டைரக்டர் பேரைச் சொன்னா இன்டர்வியூல எடுபடும்?”, “கோச்சிங் போகணுமா?” இவைதாம் முதலில் வரும் கேள்விகள்.

நாகர்கோவிலில் வளர்ந்தவள் நான். புனேயில் ஒலிப்பதிவும் ஒலி வடிவமைப்பும் படித்தேன். இப்போது சென்னையில் படங்களுக்கு ஒலி அமைக்கிறேன். அந்தத் தேர்வை எழுதியவள், அதன் பிறகு பலருடைய தயாரிப்புக்கு உதவியவள் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் ஊரையும் தன்னைச் சுற்றியுள்ள வாழ்க்கையையும் கூர்ந்து கவனித்து, கவனித்ததைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே இடம் கிடைக்கிறது. பார்த்த படங்களின் எண்ணிக்கையெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தப் பழக்கத்தை எந்த ஊர்ப் பிள்ளையும் வளர்த்துக்கொள்ளலாம். ஆனால் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் வளர்த்துவிட முடியாது.

எங்கே விண்ணப்பிக்கிறோம்?

புனே திரைப்படக் கல்லூரி என்று நாம் சொல்லும் இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் அந்த வளாகம் பிரபாத் ஸ்டுடியோவாக இருந்தது. 1937-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்ற ‘சந்த் துக்காராம்’ படத்தைத் தயாரித்த அதே பிரபாத்தான். அந்தக் காலப் படப்பிடிப்புத் தளங்களில் இன்றும் மாணவர்கள் படம் எடுக்கிறார்கள். 1960-களின் நடுவில் ரித்விக் கட்டக் இங்கே துணை முதல்வராக இருந்து பாடம் நடத்தினார். அடூர் கோபாலகிருஷ்ணன், கிரீஷ் காசரவள்ளி, சந்தோஷ் சிவன், ஆஸ்கர் விருது பெற்ற ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி, 2024-ல் கான் விழாவில் கிராண்ட் பிரிக்ஸ் வென்ற பாயல் கபாடியா எல்லோரும் இங்கே படித்தவர்கள். இலங்கை மட்டக்களப்பிலிருந்து வந்து இங்கே ஒளிப்பதிவு படித்தவர்தான் பாலு மகேந்திரா.

இதற்கு இணையான இன்னொரு நிறுவனம் கொல்கத்தாவில் 1995-ல் தொடங்கப்பட்ட சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனம். இரண்டுமே மத்திய அரசின் தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குபவை. 2025-ல் இரண்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்திருக்கிறது.

இங்கே போட்டி கடுமையாக இருப்பதற்கு எளிய காரணம், இடங்கள் மிகக் குறைவு. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி என்று ஒவ்வொரு துறையிலும் ஏறக்குறைய ஒரு டஜன் பேரைத்தான் எடுப்பார்கள். இந்தியா முழுவதிலிருந்தும் விண்ணப்பங்கள் வரும். விண்ணப்பிக்கப் பொதுவாக ஏதாவது ஒரு பட்டப்படிப்பு போதும். என் வகுப்பில் பொறியியல், வணிகவியல், இலக்கியம் படித்தவர்கள் கலந்தே இருந்தோம்.

துறையைத் தேர்ந்தெடுப்பதே முதல் தேர்வு

என்னிடம் பேசும் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் இயக்குநர் படிப்பைத்தான் சொல்வார்கள். “ஏன் டைரக்‌ஷன்?” என்று கேட்டால், “சினிமான்னாலே டைரக்‌ஷன்தானே” என்பார்கள். விண்ணப்பிக்கும் முன் இந்தக் கேள்வியோடு சில வாரமாவது இருங்கள். உங்கள் மனம் தானாக எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு காட்சியைப் பார்த்தவுடன் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று தேடுகிறீர்களா? ஒரு ஷாட் சற்று முன்னமே முடிந்திருக்கலாம் என்று தோன்றுகிறதா? வசனத்தை விட்டுவிட்டு, பின்னால் ஓடும் மின்விசிறியின் சத்தத்தில் காது நிற்கிறதா? தேர்வுக்குழு கடைசியில் கேட்கப்போவதும் இதைத்தான்: ஏன் இந்தத் துறை?

என் அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். எதிரே வரும் வண்டியின் சத்தத்தை வைத்தே எந்தப் பணிமனை வண்டி, எதில் கோளாறு என்று சொல்லிவிடுவார். வீட்டில் கிரைண்டர் ஓடும்போது, “பேரிங் போகப் போகுது” என்பார். ஒரு வாரத்தில் போகும். சத்தத்தில் செய்தி இருக்கிறது என்பதை நான் சின்ன வயதிலேயே வீட்டில் கற்றேன். நேர்முகத் தேர்வில் “ஏன் சவுண்ட்?” என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். குழுவில் இருந்த மூத்த ஒலிப்பதிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பா எந்தெந்தச் சத்தத்தை எப்படிப் பிரிப்பார் என்று விவரமாகக் கேட்கத் தொடங்கினார். அடுத்த பதினைந்து நிமிடம் பேருந்துகளைப் பற்றியே பேசினோம்.

ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒன்று இருக்கும். தறிக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கும் அம்மா, ஒப்பாரி பாடும் பாட்டி, கல்யாணப் பந்தல் போடும் மாமா. உங்கள் துறைக்கும் உங்கள் வாழ்க்கைக்கும் உள்ள உறவை அங்கே தேடுங்கள். அது உண்மையாக இருந்தால் எத்தனை துணைக் கேள்வி வந்தாலும் உங்களிடம் பதில் இருக்கும்.

கவனித்ததை எழுதிவைக்கும் நோட்டு

நான் தயாரிப்பைத் தொடங்கியது ஒரு சாதாரண நோட்டில். தினமும் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கேட்டதை மட்டும் எழுதுவேன். குமரி மாவட்டத்தில் இதற்குக் குறையே இல்லை. முட்டத்தில் அலை பாறையில் மோதுகிறது. சொத்தவிளையில் மணலில் ஏறி இறங்குகிறது. இரண்டும் கடல்தான், ஆனால் சத்தம் வேறு. பாறையில் மோதும்போது ஓர் அடி, பிறகு இடுக்குகளில் தண்ணீர் வடியும் சலசலப்பு. மணலில் அடி இல்லை, நீண்ட இழுப்பு, முடிவில் நுரை உடையும் மெல்லிய பொரிவு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்றில் காற்றாலையின் கீழே நின்றால், ஒவ்வோர் இறக்கையும் கீழிறங்கும்போது ஒரு வீச்சு கேட்கும். எண்ணிப் பார்த்தால் அதன் தாளம் பிடிபடும். சுசீந்திரம் கோயிலில் ஒரே கல்லில் குடைந்த இசைத் தூண்கள் இருக்கின்றன. கல் ஏன் சுரம் தருகிறது, பக்கத்துத் தூணின் சுரம் ஏன் வேறு என்ற கேள்விகள்தான் என்னை இயற்பியல் புத்தகத்தை மறுபடி எடுக்க வைத்தன.

எழுதும்போது நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: யாருக்கும் பொருந்தும் வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். “அதிகாலை அமைதியாக இருந்தது, பறவைகள் கூவின” என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். கீழே உள்ளது என் நோட்டின் நடையில் ஒரு பகுதி:

“மணி நாலரை. பால் வண்டி நிற்கிறது, இன்ஜினை அணைக்கவில்லை. காலி கேன் தரையில் விழும் சத்தம் உயரமாக, நீளமாக. நிறைந்த கேன் விழுந்தால் ‘தும்’ என்று அடங்கிவிடுகிறது. கடையின் ஷட்டர் பாதி ஏறி மாட்டுகிறது, மறுபடி இறங்கி ஏறுகிறது. தூரத்தில் கோயில் மணி. காற்று மாறினால் அது காணாமல் போகிறது.”

இதில் அலங்காரம் ஒன்றுமில்லை. ஆனால் படிப்பவருக்கு இடம் தெரிகிறது, நேரம் தெரிகிறது, காற்று வீசுவதுகூடத் தெரிகிறது. படத்தொகுப்புக்கு விண்ணப்பிப்பவர், ஒரு மீன் ஏலத்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள், எந்த நொடியில் பார்வை திரும்புகிறது என்று எழுதலாம். ஒளிப்பதிவுக்குப் போகிறவர், ஒரே திண்ணையில் காலை, மதியம், மாலை வெயில் எப்படி நகர்கிறது என்று எழுதலாம். எழுத்துத் தேர்வில் ஒரு சூழலைக் கொடுத்து விவரிக்கவோ கதையாக்கவோ சொன்னால், இந்த நோட்டிலிருந்துதான் உங்கள் பதில் வரும். அதை எந்தப் பயிற்சி மையமும் எழுதித் தர முடியாது.

படம் பார்ப்பது எப்படி?

எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஒரே படத்தைப் பலமுறை பார்ப்பது பயன் தரும். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும். மூன்றாம் முறை ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும். ஒரு காட்சியை ஷாட் ஷாட்டாக எழுதிப் பாருங்கள். எத்தனை ஷாட், எங்கே வெட்டு, எந்தச் சத்தம் வெட்டைத் தாண்டி அடுத்த ஷாட்டுக்குள் நீள்கிறது என்று குறியுங்கள்.

ஒலிக்கு விண்ணப்பிப்பவர்களுக்குச் சில படங்களைச் சொல்வேன். ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955), மகளை இழந்த தாய் அழும்போது அழுகைச் சத்தம் கேட்காது. அதன் இடத்தில் தார் ஷெனாய் என்ற இசைக்கருவி ஒலிக்கும். கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’வில் (1960), தன்னைக் காதலித்தவன் கைவிட்டுவிட்டான் என்பதை உணர்ந்து நீதா படியிறங்கும்போது சவுக்கடிச் சத்தம் விழும். அந்த இடத்தில் சவுக்கு எதுவும் இல்லை. பிரெஞ்சு இயக்குநர் பிரெசோனின் ‘எ மேன் எஸ்கேப்ட்’ (1956) படத்தில் சிறைக்கு வெளியே உள்ள உலகம் முழுவதையும் காலடி, சாவி, ரயில் என்று சத்தத்திலேயே கட்டியிருப்பார். அடூரின் ‘கொடியேற்றம்’ (1977) பின்னணி இசையே இல்லாத படம். நம் காலத்தில் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் (2024) பின்னணி இசை இல்லாமல் வந்தது. இசையை எடுத்துவிட்டால் மீதமுள்ள ஒலிகள் என்ன வேலை செய்கின்றன என்று இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் புரியும்.

தமிழ்ப் படங்களை ஒதுக்கிவிட்டு வெளிநாட்டுப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்கள் நிறைய. குழுவில் இருப்பவர்கள் உங்கள் மொழிப் படங்களைப் பற்றி உங்களிடமிருந்து தெரிந்துகொள்ள விரும்புவார்கள். ‘உதிரிப்பூக்கள்’, ‘அவள் அப்படித்தான்’, ‘வீடு’, ‘கூழாங்கல்’ போன்ற படங்களைப் பற்றி உங்கள் சொந்தக் கருத்தோடு பேசத் தெரிய வேண்டும். மாஸ் படம் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஏன் பிடிக்கிறது, கதாநாயகன் நுழையும் காட்சியில் கைதட்டலுக்கு எத்தனை நொடி இடம் விட்டிருக்கிறார்கள் என்று விளக்கினால் அதுவும் நல்ல பதில்தான்.

பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பைத் தேடிப் போங்கள். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் பக்கம். டிசம்பரில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் அனுமதி உண்டு. காலையில் பேருந்து ஏறிப் போய், இரவு திரும்புவேன். படம் முடிந்ததும் வாசலில் நின்று முன்பின் தெரியாதவர்கள் சண்டைபோடுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டதே எனக்குப் பாதி வகுப்பு. சென்னைக்காரர்களுக்குச் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா இருக்கிறது. படிக்க விரும்பினால் தியடோர் பாஸ்கரனின் ‘எம் தமிழர் செய்த படம்’ நூலில் தொடங்கலாம். நம் சினிமாவின் வரலாறு தெரியாமல் தேசிய அளவிலான ஒரு குழுவின் முன் உட்காரக் கூடாது.

எழுத்துத் தேர்வு

தேர்வின் அமைப்பு அவ்வப்போது மாறுகிறது. 2018-ல் புனேக்கும் கொல்கத்தாவுக்கும் சேர்த்து ஒரே நுழைவுத் தேர்வு கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் மாற்றங்கள் வந்தன. எனவே பழைய மாணவர் சொன்னார் என்று எதையும் நம்பாமல், அந்த ஆண்டின் தகவல் கையேட்டை ஒரு வரி விடாமல் படியுங்கள். பொதுவாக ஒரு பகுதி சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது, இன்னொரு பகுதி விரிவாக எழுதுவது. கலை, இலக்கியம், சமூகம், சினிமா பற்றிய பொது அறிவும், நீங்கள் விண்ணப்பித்த துறையின் அடிப்படையும் கேட்கப்படும். பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள். நேரம் போதாமல் போவது விரிவான விடைகளில்தான்.

ஒலித் துறைக்குப் பிளஸ் டூ இயற்பியல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சூத்திரத்தை ஒப்பிப்பதைவிட அதை அன்றாட வாழ்க்கையில் பொருத்திப் பார்ப்பது நல்லது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி இருந்தால் மின்னல் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி வெட்டியிருக்கிறது. எதிரொலி தனியாகக் கேட்கச் சுவர் குறைந்தது 17 மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலியளவு 6 டெசிபல் குறையும். பேருந்து நம்மைத் தாண்டும்போது ஹாரனின் சுருதி ஏன் இறங்குகிறது? மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால், வயதாக ஆக எந்த முனை முதலில் குறைகிறது? கிளாப் பலகையை ஏன் அடிக்கிறோம்? இப்படிக் கேள்வி கேட்டே படித்தேன்.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் தயக்கம் இங்கேதான் வரும். என் யோசனை இது: நோட்டில் தமிழில் எழுதியதை வாரத்தில் இரண்டு மூன்று முறை நீங்களே எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். குட்டி வாக்கியங்கள் போதும். பெயர்ச்சொல், வினைச்சொல், சரியான பொருள் இருந்தால் போதும். கடினமான சொற்களைத் தேடிப்போக வேண்டாம். தெளிவான கவனிப்பு இருந்தால் திக்கித் திணறும் ஆங்கிலத்திலும் அது தெரியும். கவனிப்பு இல்லாவிட்டால் எத்தனை சரளமான ஆங்கிலமும் அதை மறைக்காது. என்னோடு படித்த பலர் மராத்தி, வங்காளம், மலையாளத்தில் யோசித்து ஆங்கிலத்தில் பேசியவர்கள்தாம்.

வளாகத்தில் நடக்கும் தேர்வு

எழுத்துத் தேர்வில் தேறியவர்களை அடுத்த கட்டத்துக்கு அழைப்பார்கள். நான் போனபோது வளாகத்திலேயே ஓரியண்டேஷன் நடந்தது. படம் போட்டுக் காட்டிப் பேசச் சொன்னார்கள். ஒலித்துணுக்குகளை ஒலிக்கவிட்டு, என்ன கேட்டது, எந்த இடமாக இருக்கும், என்ன நடந்திருக்கும் என்று எழுதச் சொன்னார்கள். குழுவாகப் பயிற்சி கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். அதிகம் பேசியவர்கள் எல்லோரும் தேர்வாகவில்லை. மற்றவர் சொன்னதைக் கேட்டு, அதிலிருந்து அடுத்த அடி எடுத்து வைத்தவர்கள் தேர்வானார்கள். சினிமா கூட்டு வேலை. மூன்றாண்டு ஒரே தளத்தில் இரவு பகலாக வேலை செய்யப்போகிறவர்களை ஆசிரியர்கள் தேடுகிறார்கள். இன்னொருவரின் யோசனை நன்றாக இருந்தால், “அவர் சொன்னது சரி, அதோடு இதையும் சேர்க்கலாம்” என்று சொல்ல முடிகிறவர் படப்பிடிப்பிலும் அப்படித்தான் இருப்பார்.

ஒலித்துணுக்குப் பயிற்சிக்கு வீட்டிலேயே தயாராகலாம். கைப்பேசியில் பத்து நொடித் துணுக்குகளாகப் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டு, எங்கே பதிவு செய்தது என்று ஊகியுங்கள். நண்பரிடம் கொடுத்து அவரை ஊகிக்கச் சொல்லுங்கள். பொரிக்கும் எண்ணெயும் மழையும் பதிவில் ஒன்றுபோலவே கேட்கும். எதை வைத்துப் பிரிப்பீர்கள் என்று யோசிப்பதுதான் பயிற்சி. பின்னாளில் படங்களுக்கு ஃபோலி, அதாவது காட்சிக்கேற்ற சத்தங்களைக் கூடத்தில் உருவாக்கும் வேலை, செய்யும்போது இந்த அறிவே எனக்குச் சோறு போட்டது.

நேர்முகம்

நேர்முகத் தேர்வு முக்கியமானது என்பதால் எல்லோரும் அதற்கு விடைகளைத் தயாரித்துக்கொண்டு போகிறார்கள். விடைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். விண்ணப்பத்திலும் அறிமுகக் குறிப்பிலும் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்கத் தயாராகுங்கள். பிடித்த படம் என்று ஒன்றை எழுதினால் அதன் முதல் காட்சி, கடைசிக் காட்சி, பிடிக்காத ஒரு பகுதி எல்லாம் சொல்லத் தெரிய வேண்டும். பிடித்த எழுத்தாளர் என்று எழுதினால் அவரைப் படித்திருக்க வேண்டும்.

குழு ஒரு ஹங்கேரியப் படத்தைப் பற்றிக் கேட்டது. நான் அதைப் பார்த்ததில்லை, அப்படியே சொன்னேன். “சரி, நீ பார்த்த ஒரு படத்தில் மௌனம் எங்கே சரியாக வந்திருக்கிறது?” என்று கேட்டார்கள். ‘கொடியேற்றம்’ பற்றிப் பேசினேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால், தெரிந்ததைப் பேச நேரம் கிடைக்கிறது. அரைகுறையாகக் கேள்விப்பட்டதை வைத்துச் சமாளித்தால், அந்தப் படத்திலேயே பத்துக் கேள்வி வரும்.

“பெண் பிள்ளைக்கு இந்த வேலை கஷ்டமாச்சே, பூம் மைக் பிடித்து மணிக்கணக்கில் நிற்க வேண்டுமே” என்று ஊரில் பலர் சொன்னார்கள். குழுவில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒலித் துறைக்கு வரத் தயங்கும் பெண்களுக்குச் சொல்கிறேன்: நிற்பதற்கும் தூக்குவதற்கும் உடல் சில மாதங்களில் பழகிவிடும். கேட்கும் காதுதான் முதலீடு, அது உங்களிடம் இருக்கிறது.

சான்றிதழ், பணம், மருத்துவம்

இவற்றில் கோட்டை விட்டு இடம் இழந்தவர்களை அறிவேன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இவை மத்திய அரசு நிறுவனங்கள். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே அப்படியே செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயருக்கு உட்படாதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழைத் தாசில்தாரிடம் தனியாகப் பெற வேண்டும். வருமானம் சார்ந்தது என்பதால் புதிய தேதியில் இருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பொருளாதாரத்தில் நலிந்தோர் பிரிவுக்கும் மத்திய அரசு படிவத்தைச் சரிபாருங்கள்.

கட்டணமும் விடுதியும் சேர்த்தால் நடுத்தரக் குடும்பத்துக்குப் பாரம்தான். அந்த ஆண்டின் கட்டண விவரத்தை வைத்து மூன்றாண்டுக்கும் கணக்குப் போட்டு வீட்டில் காட்டுங்கள். கல்விக் கடன், உதவித்தொகை இரண்டையும் விண்ணப்பிக்கும்போதே விசாரியுங்கள். அப்பாவிடம் நான் பேசியது ஆசையைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி. அதனால்தான் அவர் சம்மதித்தார்.

நிறக்குருடு உள்ளவர்கள் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்ற படிப்புகளுக்கு விண்ணப்பிக்கவே தயங்குவார்கள். படத்தொகுப்புக்குத் தேர்வாகியும் இந்தக் காரணத்தால் புனேயில் சேர்க்கப்படாத ஒருவர் தொடர்ந்த வழக்கில், நிறக்குருட்டைக் காரணம் காட்டி மாணவர்களை விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்தப் பயத்தில் யாரும் விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம்.

இடம் கிடைக்காவிட்டால்?

ஒரு டஜன் இடங்களுக்கு நடக்கும் தேர்வில் தகுதியுள்ள பலர் வெளியே நிற்பது தவிர்க்க முடியாதது. என்னோடு படித்தவர்களில் முதல் முறையே தேர்வானவர்களும் உண்டு, திரும்பத் திரும்ப எழுதி வந்தவர்களும் உண்டு. பிந்தியவர்கள் இடைப்பட்ட காலத்தில் குறும்படங்களில் வேலை செய்திருந்தார்கள், அந்த அனுபவம் வகுப்பில் அவர்களுக்குக் கைகொடுத்தது.

தமிழ்நாட்டிலும் நல்ல வழிகள் இருக்கின்றன. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவுடன் நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் அதில் உண்டு. அடையாறு திரைப்படக் கல்லூரி என்று முன்பு அழைக்கப்பட்ட அங்கேதான் பி.சி. ஸ்ரீராமும் ருத்ரய்யாவும் படித்தார்கள். சாலிகிராமத்தில் எல்.வி. பிரசாத் அகாடமி இருக்கிறது. எங்கும் சேராமல் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராக நுழைந்து, வேலையில் கற்று மேலே வந்தவர்கள் பலர் என்னோடு இன்று வேலை செய்கிறார்கள்.

நோட்டில் எழுதியது, ஒரு காட்சியைப் பலமுறை பிரித்துப் பார்த்தது, துணுக்குகளைப் பதிவு செய்தது எல்லாம் இந்த எல்லா வழிகளுக்கும் பொதுவான மூலதனம். அதனால்தான் தேர்வுக்காக மட்டும் தயாராகாதீர்கள் என்கிறேன். தொழிலுக்குத் தயாராகுங்கள், தேர்வு அதற்குள் அடங்கிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து புனேக்கும் கொல்கத்தாவுக்கும் போகும் பிள்ளைகள் இன்னும் அதிகமாக வேண்டும். குறிப்பாக ஒலிக்கும் படத்தொகுப்புக்கும் வேண்டும். நம் படங்களில் நம் ஊர்கள் சரியாக ஒலிக்க, அந்த ஊர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒலிப்பதிவுக்கு வர வேண்டும். விருப்பம் இருந்தால் அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றே ஒரு நோட்டு வாங்கி, உங்கள் தெருவில் இருந்தே தொடங்குங்கள்.